சீட்டிப் பூ

கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை பொம்மைக்குப் பூப்போட்ட நீள கவுன் மாட்டியிருந்தார்கள். 'வின்டேஜ் சார், பழைய இங்கிலீஷ் மாடல்' என்றான் கடைப்பையன். எந்த இங்கிலீஷ்? 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் மறித்துக் கிழித்தது இதுபோன்ற பூப்போட்ட பருத்தி உடுத்திய பெண்களின் ஆடையைத்தான். (பிழைப்பைக் காப்பாத்தப் பொம்பளை உடம்பில் கைவைப்பது எந்த ஊர் ஆம்பளைக்கும் சுலபம்.) 1721இல் உடுத்தக் கூடாதென்று சட்டமே வந்தது.

இந்தியத் துணி மீதான அந்த மோகத்துக்குக் கப்பலேற்றிய துறைகளில் ஒன்று, 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையிலிருந்த நம்ம நாகப்பட்டினம். சோழமண்டலக் கரையில் மெழுகிட்டு, சாயவேர்ச் சிவப்பில் முக்கி, பூவைக் கையால் எழுதினார்கள். பூத்துணிக்குச் சீட்டி என்று பேர். 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். எழுத ஆள் வேண்டியிருக்கவில்லை. சீமைச் சீட்டி மலிவாக நம் சந்தைக்கே வந்து இறங்கியது.

கொள்ளிடக் கரைக் கோடாலிக்கருப்பூரிலோ சேலை தஞ்சை மராத்திய அரண்மனைக்கென்றே எழுதப்பட்டது. எழுதியவன் வீட்டுப் பெண் எதை உடுத்தினாள் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. 1855இல் ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்டபின் சேலைக்கு ஆளில்லாமல் போச்சு. இப்போது அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவரை கைத்தொழிலை உயிரோடு வைத்திருந்தவை கோயில் தொம்பையும் குடைத்துணியும்.