செதுக்கிய மான்களும் மீன்களும்: ஜோசப் லோன்வூல்பின் மட்கலங்கள்

வட அமெரிக்கப் பழங்குடியினரான புவெப்லோ மக்களின் மட்பாண்டங்களை, வீட்டுப் பயன்பாட்டுக்கு வனைந்த பழையன, விற்பனைக்கு வனைந்த புதியன எனப் பகுத்து, பின்னவற்றை மரபின் வீழ்ச்சியாகக் கருதுவாருளர். நியூ மெக்சிக்கோவிலுள்ள சாந்தா கிளாரா ஊரினரான ஜோசப் லோன்வூல்பின் (1932–2014) கலங்களை நோக்குமிடத்து இப்பகுப்பின் குறைபாடு புலனாகும்.

1880இல் புகையிரதம் சாந்தா பே நகரை எட்டியது. மலிவான உலோகப் பாத்திரங்கள் வந்தன. கலங்களை விலைகொடுத்து வாங்கும் பயணிகளும் வந்தனர். ஆயினும் வனைமுறை மாறவில்லை. திகிரியின்றி, திரித்த களிமண்ணை வளையம் வளையமாக அடுக்கிக் கையாலேயே கலத்தை உருவாக்குவர். செம்மட்குழம்பு பூசிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். திறந்த வெளியில் சுடும்போது தீயைப் பொடித்த குதிரைச் சாணத்தால் மூடின், காற்றுத் தடைப்பட்டுக் கலம் கருமையுறும். மூடாவிடின் செம்மை நிலைக்கும். லோன்வூல்பின் பாட்டியார் சாரா பீனா தபோயாவும், அத்தை மார்கரெட் தபோயாவும் (1904–2001) கையாண்டது இம்முறையே. மார்கரெட்டின் பெருஞ் சாடிகளிற் கரடியின் பாதச்சுவடு ஆழப் பதிந்திருக்கும்.

பெரும்பாலும் பெண்டிர் கைவினையாயிருந்த இதனைத் தந்தை கமிலியோவைப் போலவே லோன்வூல்பும் மேற்கொண்டார். அவர் மாற்றியது மேற்பரப்பையே. மெருகிட்ட செம்பூச்சைக் கூரிய முனையாற் கீறி, அடியிலுள்ள வெளிர்நிற மண்ணை வெளிப்படுத்தினார். உள்ளங்கையில் அடங்கும் கலங்களில் மானும் மீனும் முயலும் பறவையும் தோன்றின. மண்ணுக்குள்ளேயே அவை ஒளிந்திருந்தன போலும்!

இவ்வுருவங்கள் பல பாட்டியாரிடமிருந்து பெற்றவையல்ல. கி.பி. 1000 முதல் 1130 வரையிலான காலப்பகுதியில் தென்மேற்கு நியூ மெக்சிக்கோவின் மிம்பிரெஸ் ஆற்றுப் பகுதியில் வாழ்ந்தோர் வெண்ணிறக் கிண்ணங்களில் வரைந்த விலங்குகளை அவை தழுவியவை. அக்கிண்ணங்களின் அடியில் துளையிட்டு, இறந்தோர் தலைமீது கவிழ்த்துப் புதைத்தனர். 1914இல் பியூக்ஸ் எனும் ஆய்வாளர் அவைபற்றி எழுதிய பின்னரே வெளியுலகம் அவற்றைப் பரவலாக அறிந்தது. ஆக, வனைமுறை குடும்பவழி வந்தது; உருவமோ அகழ்வாய்வின் வழி மீண்டது. அன்றியும், மிம்பிரெஸ் ஓவியர் தூரிகையால் உட்புறத்தில் வரைந்தனர். லோன்வூல்ப் வெளிப்புறத்திற் கீறினார். இதனை வெறும் படியெடுப்பு எனல் பொருந்தாது. வாங்குவோர் விருப்பம் அவரை ஊக்கியது உண்மையே. ஆனால் எண்ணூறாண்டு கடந்த உருவங்களைத் தேடிச்செல்லுமாறு சந்தை மட்டும் அவரைப் பணித்ததெனக் கொள்ளவியலாது.

அவர்தம் தங்கையார் கிரேஸ் மெடிசின் பிளவரும் கீறல் முறையையே கைக்கொண்டார். அவர் விரும்பித் தீட்டியவை பட்டாம்பூச்சிகளும் மலர்களும் தேன்சிட்டுக்களுமாம்.