தகவல் வழிகளும் கூட்டாகச் சிக்கல் தீர்த்தலும்

ஒரு குழுவில் யார் யாரோடு பேசலாம், எதன் மூலம் பேசலாம் என்பதைப் பொறுத்து அது சிக்கலைத் தீர்க்கும் வேகமும், செய்யும் பிழைகளும், உறுப்பினர்களின் மனநிலையும் மாறுகின்றன. இதைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவந்த முன்னோடிகள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அலெக்ஸ் பாவெலாஸும் ஹரால்டு லெவிட்டும்.

லெவிட் 1951இல் வெளியிட்ட ஆய்வில், வட்ட மேசையைச் சுற்றி ஐந்து பேர். இடையில் தடுப்புகள். பேசக் கூடாது, தடுப்பின் துளை வழியே சீட்டு எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொருவர் அட்டையிலும் ஐந்து குறிகள். ஐவருக்கும் பொதுவான குறி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்தெந்தத் துளை திறந்திருக்கிறதோ அதன்படி குழு சக்கரமாகவோ, சங்கிலியாகவோ, வட்டமாகவோ, ‘ஒய்’ எழுத்தாகவோ அமைந்தது.

சக்கரத்தில் நால்வரும் நடுவில் இருப்பவருக்கு மட்டுமே எழுத முடியும். அவர் விடையைக் கண்டு திருப்பி அனுப்புவார். வேலை சட்டென முடிந்தது. வட்டத்தில் சீட்டுகள் ஏராளமாகப் பறந்தன, தவறுகளும் மிகுதி. ஆனால் வேலை பிடித்திருந்ததாகச் சொன்னவர்கள் வட்டத்துக்காரர்கள்தாம். சக்கரத்தின் ஓரத்தில் இருந்தவர்களுக்கு அலுப்பு. தலைவர் யார் என்று கேட்டால் சக்கரத்தினர் ஏறத்தாழ எல்லாருமே நடுவிலிருந்தவரைக் காட்டினர். அவருக்குத் தலைமைப் பண்பு இருந்ததோ இல்லையோ, இடம் வாய்த்திருந்தது.

அப்படியானால் சக்கரமே சிறந்ததா? மேசி, கிறிஸ்டி, லூஸ் ஆகியோர் 1953இல் வெளியிட்ட ஆய்வில் குறிகளுக்குப் பதில் கோலிக்குண்டுகள் வந்தன. பெயர் சொல்ல வராத கலவை நிறக் கோலிகளைக் கொடுத்ததும் குழப்பம்: ஒருவருக்குப் பச்சையாகப் பட்டது இன்னொருவருக்கு நீலம். வட்டத்தினர் மெல்ல மெல்லப் பொதுப்பெயர்களுக்கு வந்து சேர்ந்து பிழைகளைக் குறைத்துக்கொண்டனர். சக்கரத்தினரால் அது முடியவில்லை.

வழியின் வடிவம் போலவே ஊடகமும் முக்கியம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அல்போன்ஸ் சாபானிஸ் குழு 1972இல் வெளியிட்ட ஆய்வில், குரலால் பேசிக்கொண்ட இணைகள் எழுதியும் தட்டச்சிட்டும் பேசியவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரத்தில் வேலையை முடித்தன. செலவிட்ட சொற்களோ பல மடங்கு. முகம் பார்ப்பதால் கிடைத்த கூடுதல் பயன் சொற்பமே.

முகம் பாராமல் குரலால் மட்டுமே சிக்கலைத் தீர்க்கலாம் என்பதற்கு 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் நடந்ததும் சான்று. கரியமில வாயுவை நீக்கும் சதுரப் பெட்டிகளை, வட்டப் பெட்டிகளுக்கென அமைந்த நிலவிறங்கு கலத்தில் பொருத்த வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுநாடா கொண்டு ஹூஸ்டன் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தில் செய்த மாதிரியை வீரர்கள் பார்க்கவில்லை. வானொலியில் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்லக் கேட்டே செய்து முடித்தனர். வாயுவின் அளவு இறங்கியது.