குளியலறைச் சுவரில் ரிப்ளி

பரிசுகளைப் பற்றி எழுத்தாளர்கள் பேசும்போது பெரும்பாலும் இரண்டு குரல்கள்தாம் கேட்கின்றன. ஒன்று கூச்சத்துடன் நன்றி சொல்வது. மற்றது கிடைக்காதவரின் ஏளனம். பட்ரீஷியா ஹைஸ்மித் இரண்டிலும் சேராத ஒரு காரியம் செய்தார். 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி' (1955) நாவலுக்காக அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் அவருக்கு ஒரு சான்றுப் பத்திரம் கொடுத்தது. அதைச் சட்டமிட்டுக் குளியலறையில் மாட்டினார். அங்கே இருந்தால்தான் பரிசுகளின் படாடோபம் கொஞ்சம் குறைகிறது என்பது அவர் கட்சி. இத்தாலியில் போசிட்டானோவில் வசித்தபோது அதில் பூசணம் பிடித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் காயவைத்தவர், தன் பெயருக்கு முன்னால் ரிப்ளியின் பெயரையும் எழுதிச் சேர்த்தார். பரிசு அவனுக்குத்தான் உரியது என்று எண்ணினார். சஸ்பென்ஸ் கதை எழுதுவது பற்றி 1966-ல் வெளியிட்ட சிறு நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

வேடிக்கை என்று இதைக் கடந்துபோய்விடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரிப்ளி நண்பனைப் படகில் வைத்துத் துடுப்பால் அடித்துக் கொல்கிறான். அவனுடைய உடைகள், கையெழுத்து, வருமானம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். கடைசிவரை அகப்படுவதில்லை. பத்திரங்களில் பெயர் மாற்றி எழுதுவது அவன் தொழில். இங்கே ஆசிரியரே அவனுக்காக அந்தத் தொழிலைச் செய்துவிட்டார். 1952-ல் இதே போசிட்டானோவில் ஒரு விடியற்காலை, விடுதி பால்கனியிலிருந்து, தோளில் துண்டுடன் கடற்கரையில் தனியே நடந்துபோன ஓர் இளைஞனைப் பார்த்ததிலிருந்துதான் ரிப்ளி பிறந்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்தப் பத்திரம் வெற்றியின் சின்னம்கூட அல்ல. 1956-ல் சிறந்த நாவலுக்கான எட்கர் பரிசு, அதாவது எட்கர் ஆலன் போவின் சிறிய மார்பளவுச் சிலை, மார்கரெட் மில்லரின் 'பீஸ்ட் இன் வியூ' நாவலுக்குப் போயிற்று. (மோசமான தேர்வு என்று சொல்ல முடியாது.) ஐந்தாண்டுகளுக்கு முன்பும் இதேதான் நடந்தது. முதல் நாவலான 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' 1951-ல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சிலையை வாங்கியவர் தாமஸ் வால்ஷ். அதே ஆண்டு ஹிட்ச்காக் அந்நாவலைப் படமாக்கி வெளியிட்டார்.

பரிந்துரைக்கு முன்பே வேறொன்று நிகழ்ந்துவிட்டிருந்தது. ஹார்ப்பர் நிறுவனம் அந்த முதல் நாவலை 'சஸ்பென்ஸ் நாவல்' என்ற முத்திரையோடு 1950-ல் வெளியிட்டது. எந்த வகையையும் மனதில் கொள்ளாமல் எழுதியவர் ஒரே இரவில் சஸ்பென்ஸ் எழுத்தாளராகிவிட்டார். தமிழில் நாம் சொல்லும் 'துப்பறியும் நாவல்' என்ற பெயரும் அவருக்குப் பொருந்தாது. துப்பறிகிறவர்கள் அவர் நாவல்களில் பொருட்படுத்தத்தக்கவர்கள் அல்லர். பரிந்துரை அந்த முத்திரையின் மீது விழுந்த இன்னொரு முத்திரை. ஒரு கூட்டத்தின் பரிசு கூடவே வேலியையும் கொண்டுவருகிறது.

அடுத்த நாவலை ஹார்ப்பர் மறுத்தது. இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் 'தி ப்ரைஸ் ஆஃப் ஸால்ட்', 1952-ல், கிளேர் மோர்கன் என்ற புனைபெயரில், வேறு பதிப்பகத்திலிருந்து வந்தது. இன்னொரு முத்திரையும் வேண்டாம் என்ற எச்சரிக்கைதான் காரணம். மலிவுப் பதிப்பு லட்சக்கணக்கில் விற்றது. மாதக்கணக்காக, வாரந்தோறும், இல்லாத அந்த கிளேர் மோர்கனுக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. தாங்கள் வாழும் வாழ்க்கையைத் தண்டனையில்லாமல் முடித்த ஒரு கதைக்கு நன்றி சொன்னவர்கள் அவற்றை எழுதினார்கள். எந்த நடுவர் குழுவும் இதற்கு ஈடாக ஒன்றைத் தந்திருக்க முடியாது. ஆனால் அவற்றைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ள அவரால் இயலவில்லை. 1990-ல்தான் அந்நாவல் 'கரோல்' என்ற தலைப்பில், ஹைஸ்மித்தின் பெயரோடு வந்தது.

ஐரோப்பா அவரை வேறுவிதமாக வரவேற்றது. ரிப்ளிக்கு 1957-ல் பிரான்ஸின் துப்பறியும் இலக்கியப் பெரும்பரிசு கிடைத்தது. 'தி டூ ஃபேஸஸ் ஆஃப் ஜனவரி' கதை இன்னும் சுவையானது. முக்கியப் பாத்திரங்கள் மூன்றுமே மனக்கோளாறு கொண்டவை, அவ்வளவு தாங்காது என்று ஹார்ப்பர் அதைத் திருப்பி அனுப்பியது. அவர் அதைக் கிடப்பில் போட்டார். பிறகு திரும்ப எழுதினார். 1964-ல் வெளியானதும் பிரிட்டிஷ் குற்ற எழுத்தாளர் சங்கம் அவ்வாண்டின் சிறந்த வெளிநாட்டு நாவல் என்று அதையே தேர்ந்தது. நடுவர்கள் மெச்சியது, பதிப்பாசிரியருக்குத் தாங்காமல் போன அதே மூன்று பேரைத்தான்.

1963-லிருந்து ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார். 1995 பிப்ரவரியில் லொகார்னோவில் இறந்தபோது, சுமார் முப்பது லட்சம் டாலர் சொத்தை நியூயார்க் மாநிலத்திலுள்ள யாடோ கலைஞர் இல்லத்துக்கு எழுதிவைத்திருந்தார். 1948-ல், பெயர் தெரியாத இளம்பெண்ணாக இருந்தபோது, 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' எழுத அறையும் உணவும் தந்த இடம் அது. அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் வாழ்நாள் சாதனைக்கு 'கிராண்ட் மாஸ்டர்' என்றொரு விருது தருகிறது. 1974-ல் ராஸ் மெக்டொனால்டுக்கும் 1983-ல் அவர் மனைவி மார்கரெட் மில்லருக்கும் அது கிடைத்தது. அந்தப் பட்டியலில் ஹைஸ்மித்தின் பெயர் இல்லை.