நீர் உடற்பயிற்சி (முதிய பெண்களுக்கு)
இடுப்பளவோ மார்பளவோ நீரில் நின்று, அதன் மிதப்பு விசையையும் எதிர்ப்பையும் கொண்டு செய்யும் உடற்பயிற்சி. நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இடுப்பளவு நீரில் கால் மூட்டுகள் தாங்கும் எடை ஏறத்தாழப் பாதியாகவும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்காகவும் குறைகிறது. ஆகவே முழங்கால் தேய்மானத்தால் நடக்கத் தயங்கும் முதிய பெண்களுக்கு இது ஏற்றது. உள்ளங்கையை விரித்து நீரைத் தள்ளினால் எதிர்ப்பு கூடும். கையைப் பக்கவாட்டில் திருப்பினால் குறையும். தசை வலிமை, சமநிலை, இதய நுரையீரல் திறன் ஆகியவை மேம்படும். மாதவிடாய் நின்றபின் நேரும் எலும்பு அடர்த்திக் குறைவுக்கு மட்டும், எடை தாங்கும் தரைப்பயிற்சிக்கு இது முழு மாற்றன்று. ஆறாத புண், கட்டுப்படாத இதயநோய் உள்ளோர் நீர் உடற்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். குளத்தங்கரை ஈரத்தில் வழுக்கி விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.