நிழல் நீரில் விழலாகாது: கொங்குக் குளங்களின் தூண்டில் வரலாறு

குளக்கரையில் தூண்டில் போடுவோரிடையே ஒரு மரபு உண்டு. புதிதாக வந்து அமர்பவனுக்கு, அவன் கேட்காமலேயே இரண்டொரு யோசனை சொல்லிவிடுவார்கள். நிழல் நீரில் விழலாகாது. முள்ளின் முனை இரைக்கு வெளியே தெரியலாகாது. தக்கை ஆடியவுடன் இழுக்கலாகாது, அது முழுகட்டும். தாமரை இலைகளுக்கு நடுவே தெளிந்த இடம் இருந்தால் அங்கே விரால் இருக்கும். சொல்பவருக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை. பக்கத்தில் இருப்பவன் பிடித்துவிட்டால் தமக்குக் குறையுமே என்ற எண்ணமும் பெரும்பாலும் இருப்பதில்லை. கரையில் ஒருமணி நேரம் சேர்ந்து உட்கார்ந்திருப்பதே போதுமான உறவு.

இந்த யோசனைகளை நாம் சாதாரணப் பேச்சாகக் கேட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு நீர்நிலையின் வரலாறு பெரும்பாலும் இவற்றில்தான் தங்கியிருக்கிறது. கல்வெட்டு ஏரியை வெட்டியவன் பெயரைச் சொல்லும். வருவாய்த் துறையின் பதிவேடு அதன் பாசனப் பரப்பைச் சொல்லும். அந்த ஏரியில் எந்த மீன் வாழ்ந்தது, எப்போது அது போய் வேறொன்று வந்தது என்பதைத் தூண்டில்காரர் இன்னொரு தூண்டில்காரருக்குச் சொன்ன வார்த்தையிலிருந்துதான் அறிய முடியும். இரை மாறினால் மீன் மாறியிருக்கிறது என்று பொருள். மீன் மாறினால் நீர் மாறியிருக்கிறது.

நிழலைப் பற்றிய அறிவு மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தூண்டில் மீன்பிடிப்பின் விவரமான சித்திரம் ஒன்று உண்டு. நெடிய மூங்கில் கழி, அதில் கட்டிய நாண், வளைந்த இரும்பு முள், பையில் வைத்த இரை என்று எல்லாக் கருவிகளும் அங்கே இருக்கின்றன. இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிய வாளைமீன், பிறகு கரையோரப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டும் தூண்டில் என்று அஞ்சுகிறது. கவிதைக்காகச் செய்த கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அடிபட்ட மீன் நிழலுக்கு அஞ்சும் என்பதைக் கரையில் உட்கார்ந்து கண்டவர்கள் சொல்லியிருக்க வேண்டும், புலவர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

காங்கேயம் பக்கத்தில் மீன்பிடிப்பைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். காங்கேயம் என்றால் காளை நினைவுக்கு வரும், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் கொண்ட கொரங்காடு நினைவுக்கு வரும், மழை குறைந்த மேட்டுநிலம் நினைவுக்கு வரும். வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. இரண்டுக்கும் இடையே கிடக்கும் இந்த நிலத்தில் நீர் என்பது ஓடைகளிலும் சிறு குளங்களிலும் ஆழமான கிணறுகளிலும்தான். கொங்கு நாட்டுச் சிறுவர் பலருக்கு முதல் மீன்பிடி நீர்நிலை தோட்டத்துக் கிணறே. படியில் உட்கார்ந்து, தங்கூசி நரம்பில் ஒரு முள்ளைக் கட்டி, வரப்பில் தோண்டிய மண்புழுவைக் கோத்து விட்டால் போதும். நொய்யலின் மேற்பகுதியிலோ நிலைமை வேறு. அங்கே அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் ஒன்றோடொன்று தொடுத்த குளங்களும் கோவை வரையிலும், சூலூர் வரையிலும் நீண்டன. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க்குளம் முதலியவை அந்தத் தொடரில் இன்றும் எஞ்சியிருப்பவை.

இக்குளங்களின் அரசன் விரால். அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்னும் மீனுக்கு உள்ள இடம் நம் குளங்களில் விராலுக்கு உண்டு. உறவு முறையில் இரண்டும் வெவ்வேறு குலம் என்றாலும் குணத்தில் ஒற்றுமை மிகுதி. இரண்டும் கொடிகளுக்கும் இலைகளுக்கும் கீழே அசையாமல் பதுங்கியிருந்து, அருகே வரும் இரையைப் பாய்ந்து பிடிப்பவை. இரண்டும் தவளைக்கு மயங்குபவை. இரண்டும் முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காப்பவை. விராலுக்கு மட்டும் இன்னொரு திறமை உண்டு. அது நீருக்கு மேல் வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். ஆண்டில் பல மாதங்கள் வற்றிக் கிடக்கும் கொங்குக் குளத்துக்கு இதைவிடப் பொருத்தமான குடிமகன் கிடைக்கமாட்டான். ஆகவே விராலுக்கான யோசனைகள் வற்றும் குளத்தைப் பற்றிய யோசனைகளும் ஆகும். கோடையில் எந்த மூலையில் கடைசி ஈரம் நிற்கும் என்று அறிந்தவனே விராலையும் அறிந்தவன்.

இந்த அறிவு எழுத்தில் ஏறியது வெள்ளையர் கையால்தான். மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை மங்களூரில் வெளியிட்டார். மலையாற்றுப் பெருமீனாகிய மகசீரைப் பிடிப்பது அதன் முக்கியப் பொருள். பின்னர் 1887-ல் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டாங்க் ஆங்ளிங் இன் இந்தியா' என்று தனி நூல் ஒன்றும் எழுதினார். ஒரு தூண்டில்காரர் தம் சக தூண்டில்காரர்களுக்குச் சொல்லும் யோசனைகளே இந்நூல்களின் அடிப்படை. பொழுதுபோக்கு மட்டும் அவர் நோக்கமாக இருக்கவில்லை. குஞ்சுகளையும் விடாத நெருக்கமான வலைகளாலும், நீரில் நஞ்சு கலந்து பிடிப்பதாலும் ஆறுகளின் மீன்வளம் அழிவதைக் கண்டு அவர் முன்பே அரசுக்கு அறிக்கை எழுதியவர். மதராஸ் படையின் மருத்துவரான பிரான்சிஸ் டேயும் நன்னீர் மீன்கள் குறித்து அறிக்கை தந்தார். வெடியையும் நஞ்சையும் தடை செய்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது.

அதே 1887-ல் இன்னொரு நூலும் வெளிவந்தது. பிரடெரிக் நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு அது. கொங்கு நாட்டின் மண், கிணறு, கால்நடை, விவசாயம் பற்றி எழுதுவோர் இன்றும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. அதே நிக்கல்சன்தான் பின்னர் மதராஸ் மாகாணத்தின் மீன்வளத் துறையை உருவாக்கினார். 1905-ல் அப்பணிக்கெனத் தனியாக நியமிக்கப்பட்டு, ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று பார்த்துவந்த பிறகு, 1907-ல் துறை அமைந்தது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அடிகோலிய அறிக்கையும் அவருடையதே. கோவை மாவட்டத்தின் வறண்ட நிலத்தைப் படித்த ஒருவர் மீன்களைப் பற்றிச் சிந்திக்க முனைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கிணறும் மாடும் மீனும் ஒரே விவசாயியின் வாழ்க்கையில் அடங்கியவை என்பதைப் பார்த்த கண் அது.

இந்தத் துறை வந்தபின் நம் நீர்நிலைகளின் குடிகள் மாறத் தொடங்கினர். வடக்கத்திய ஆறுகளுக்குரிய கட்லா மீன் 1920-களில் காவிரியில் விடப்பட்டது. 1934-ல் மேட்டூர் அணையும், 1955-ல் பவானிசாகரும், அதன்பின் உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணையும் எழும்பின. ஓடும் நீருக்குப் பழகிய மீன்களின் இடத்தில் தேங்கிய நீரில் வளரும் மீன்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. கரையில் சொல்லப்படும் யோசனையும் மாறியது. கட்லாவுக்குத் தவளை வேண்டாம், பிண்ணாக்கும் மாவும் போதும். காலை நேரத்துப் பாய்ச்சலுக்குக் காத்திருக்க வேண்டாம், ஓரிடத்தில் இரை தூவிப் பழக்கினால் கூட்டமாக வரும். இது முந்தைய தலைமுறைக்குத் தெரியாத பேச்சு.

மிகப் பெரிய மாற்றம் 1952-ல் வந்தது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலேப்பியா அந்த ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு மண்டபத்தில் வளர்க்கப்பட்டது. ஏழைகளின் உணவுப் பற்றாக்குறையைத் தீர்க்கும் மீன் என்பதே அன்றைய நம்பிக்கை. மக்கள் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். கொங்குப் பக்கம் வெறும் 'ஜிலேபி' என்றாலே போதும். முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் இந்த மீன் சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். அமராவதி அணையின் மீன்பிடிப்பில் பெரும்பங்கு அதுவேயாயிற்று. குளங்களிலும் கிணறுகளிலும் அது நிறைந்தது. இன்று காங்கேயத்துச் சிறுவன் கிணற்றுப் படியில் முதலில் பிடிக்கும் மீன் பெரும்பாலும் ஜிலேபியாகவே இருக்கும். அவனுக்கு அது அந்நிய மீன் அல்ல. அவன் பாட்டனாருக்கு அது அந்நியம்.

இதைக் குற்றமென்று சொல்வதா, வரமென்று சொல்வதா? ஜப்பானின் அனுபவம் இங்கே நினைக்கத் தக்கது. 1925-ல் அமெரிக்க பாஸ் மீனை அங்கே ஆஷி ஏரியில் விட்டார்கள். பின்னர் அது நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களை உண்டு தீர்த்தது. 2005-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை அழிக்க வேண்டிய அந்நிய உயிரினங்களில் சேர்த்தது. ஆனால் 2009-ல், ஜார்ஜியாவில் 1932-ல் பிடிபட்ட உலகப் பெரிய பாஸுக்கு இணையான, பத்துக் கிலோவைத் தாண்டிய மீன் ஜப்பானின் பிவா ஏரியில்தான் பிடிபட்டது. விளையாட்டுக்காரனுக்கு அது சாதனை. ஏரியைத் தலைமுறைகளாக நம்பியிருந்த மீனவனுக்கு அது வேறொன்று. ஒரே மீன் இருவருக்கும் இருவேறு வரலாறாக இருக்கிறது. நம் ஜிலேபியும் அப்படித்தான். ஏழை வீட்டுக் குழம்பில் அது உணவு, குளத்துக் கெண்டைக்கு அது போட்டியாளன்.

ஆனால் அந்நிய மீன் வந்ததால் குளம் சாகவில்லை. நீர் கெட்டதால்தான் செத்தது. நொய்யலின் குறுக்கே, திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுப்பட்ட பகுதியில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. வறண்ட நிலத்துக்கு ஓர் ஏரி கிடைத்தது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் திருப்பூரின் சாயக் கழிவு அதில் தேங்கிற்று. அணையைத் திறந்து நீர் விடுங்கள் என்று கேட்பது விவசாயியின் இயல்பு. இங்கே விவசாயிகள் நீர் விடாதீர்கள் என்று கேட்டு நீதிமன்றம் சென்றார்கள். கழிவை முற்றிலும் வெளியேற்றாத அமைப்பை ஏற்படுத்தாத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. இதன் பின்னணியில் எத்தனையோ குடும்பங்களின் வேலையும் இருந்தது, எத்தனையோ குடும்பங்களின் நிலமும் இருந்தது. அந்த வழக்கை இங்கே மீண்டும் நடத்துவது நம் நோக்கமல்ல. நாம் கவனிப்பது ஒன்றைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் கண்டு பதறிய நஞ்சு, ஒருவன் ஒரு மடுவில் கலந்த நஞ்சு. சட்டம் அவனைத் தண்டிக்க முடிந்தது. ஓர் ஆறு முழுவதும் கலக்கும் நஞ்சுக்குத் தூண்டில்காரனிடம் யோசனை ஏதுமில்லை. "இங்கே பிடிக்காதே, பிடித்தாலும் தின்னாதே" என்பதே அவன் சொல்லக்கூடிய ஒரே யோசனை. அதுவும் ஒரு வரலாற்று ஆவணம்தான்.

முழுவதும் இருட்டு என்றும் சொல்வதற்கில்லை. திருப்பூருக்கு அருகே நல்லாற்று வடிநீரைத் தாங்கும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே முதலுரிமை பறவைகளுக்கு. பறவைகள் வருவதற்குக் குளத்தில் மீன் இருக்க வேண்டும், ஆகவே இது மீனுக்கும் நல்ல செய்தி.

அமெரிக்காவில் பாஸ் தூண்டில்காரர்கள் 1968-ல் பெரிய சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பிடித்த மீனைக் கொல்லாமல் திரும்ப நீரில் விடவேண்டும் என்ற வழக்கத்தை அச்சங்கம் 1972-ல் தன் போட்டிகளில் கொண்டுவந்தது. நம்மிடம் அதற்கு ஈடான ஒரு சொல் சங்கமின்றி, விதியின்றிக் கரையில் புழங்குகிறது. மழைக்குப்பின் குளத்தின் மேற்பரப்பில் செம்பழுப்பான குஞ்சுக் கூட்டம் பந்துபோல் நகரும். அதன் கீழே தாய்தந்தை விரால் நிச்சயமாக இருக்கும். அருகே விழும் எதையும் பகையென்று எண்ணி அது தாக்கும். எனவே பிடிப்பதற்கு அதைவிட எளிய தருணம் இல்லை. அதைப் பிடித்தால் குஞ்சுகள் கெண்டைக்கும் கொக்குக்கும் இரையாகும், அடுத்த ஆண்டுக்கு விரால் இல்லை. அனுபவப்பட்டவர்கள் அந்த இடத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போகச் சொல்வார்கள்.

நிழல் நீரில் விழலாகாது என்பது மீனைப் பிடிப்பதற்கான யோசனை. குஞ்சுகளோடு இருப்பதை விட்டுவிடு என்பது மீனைப் பிடிக்காமல் இருப்பதற்கான யோசனை. இரண்டாவதைச் சொல்லும் மனிதர் இருக்கும்வரையில்தான் முதலாவதற்கு அர்த்தம் உண்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் கரையில் சொன்ன இத்தகைய வார்த்தைகளை, எந்தக் குளம், எந்த மீன், எந்த இரை, எந்த மாதம் என்ற விவரங்களோடு எழுதிவைத்தால் நலம். காவிரிக்கும் வைகைக்கும் வரலாறு எழுதியாயிற்று. காங்கேயத்துக் கிணற்றுக்கும் சூலூர்க் குளத்துக்கும் அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.