நாளெண்ணும் வளையம்

மலர்வளையம் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் தோன்றுவது, மறைந்த பெரியவர் ஒருவரின் சமாதியோ, மாலையிட்ட படமோதான். துக்கத்தின் சின்னமாகவே அதை நாம் பெரிதும் அறிந்திருக்கிறோம். ஜெர்மனி தேசத்திலோ, பகற்பொழுது நாளுக்கு நாள் குறுகிக் குளிர் முற்றிவரும் நவம்பர்க் கடைசியில், வீடுதோறும் மேசைமீது வைக்கப்படும் பசுந்தழை வளையம், வரவிருக்கும் ஆனந்தம் ஒன்றுக்குக் கட்டியம் கூறுவதாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தில், அவ்வளையத்தில் நாட்டிய நான்கு மெழுகுவர்த்திகளை வாரத்துக்கு ஒன்றாக ஏற்றிவருவது அந்நாட்டுச் சம்பிரதாயம். இவ்வழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடிச் செல்வோமானால், அந்தத் தேட்டம் கதியற்ற சிறுவர்கள் வாழ்ந்த ஓர் இல்லத்தின் பிரார்த்தனைக் கூடத்திலே போய் முடிகிறது.

அவ்வில்லத்தை ஸ்தாபித்தவர் யோஹான் ஹின்ரிச் விஹெர்ன். 1808-ல் ஹாம்பர்க் துறைமுக நகரத்தில் பிறந்து, பதினைந்து வயதிலே தந்தையை இழந்து, பிறர் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். பின்னர் இறையியல் கற்றுத் திரும்பி, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் ஞாயிறு பள்ளி ஆசிரியராகப் பணியேற்றார். மாணவர்களின் வீடுகளுக்கு நேரில் சென்றபோது அங்கே கண்ட வறுமையும், வறுமையால் விளைந்த சீர்கேடும் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. நகரப் பிரமுகரான கார்ல் ஸீவ்கிங் என்பாரின் உதவியால், ஹாம்பர்க்கை அடுத்த ஹார்ன் கிராமத்தில் கிடைத்த பழைய கூரை வீடொன்றில், 1833-ல் ‘ரௌஹெஸ் ஹவுஸ்’ என்னும் இல்லத்தை ஆரம்பித்தார். சிறுவர்களைச் சிறைபோன்ற பெருங்கொட்டடியில் அடைத்துவைக்காமல், சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ‘சகோதரர்’ எனப்பட்ட ஊழியர் ஒருவரின் பராமரிப்பில் விட்டு, படிப்புடன் கைத்தொழிலும் கற்பித்து வளர்த்ததே அவ்வில்லத்தின் விசேஷம்.

கிறிஸ்துமஸ் என்றைக்கு, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று குழந்தைகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், அக்கேள்விக்கு விடையாகவே விஹெர்ன் 1839-ல் இந்த வளையத்தைச் சிருஷ்டித்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பைச் சுற்றிலும் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள் இருபதையும் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள் நான்கையும் நிறுத்திப் பிரார்த்தனைக் கூடத்தில் தொங்கவிட்டார். வாரநாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு, ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை. அவ்வாண்டில் திருவருகையின் முதல் ஞாயிறு டிசம்பர் 1-ஆம் தேதியில் அமைந்தமையால், 24-ஆம் தேதி முடிய இருபத்துநான்கு தீபங்கள் கணக்காகப் பொருந்தின. திருவருகைக் காலத்தின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு 22 நாள் முதல் 28 நாள் வரை மாறுவதால், சிவப்பு வர்த்திகளின் தொகையும் கூடும், குறையும். வெள்ளை நான்கு மட்டும் என்றும் நான்கே.

எண்ணும் எழுத்தும் சரியாக வாராத பாலகனும் இந்தப் பஞ்சாங்கத்தை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் படித்துவிடலாம். அன்றாட ஆகாரத்துக்கே நிச்சயமில்லாத நிலையிலிருந்து வந்த குழந்தைக்கு, நாளை என்பது அச்சத்துக்குரிய சொல்லாகவே இருந்திருக்கும். அந்த நாளைக்கென்று ஒரு தீபம் இன்றே தயாராக நிற்பதைக் காட்டி, காத்திருத்தலையே சந்தோஷமாக்கித் தந்ததுதான் விஹெர்ன் புரிந்த கைங்கரியங்களுள் நுட்பமானது என்று நான் கருதுகிறேன்.

சக்கரத்துக்குப் பசுந்தழை பின்னால் வந்தது. 1860-ஐ ஒட்டியே ஃபர் மரக் கிளைகளால் அதை அலங்கரிக்கும் வழக்கம் தொடங்கிற்று. அவ்வில்லத்தில் பயிற்சி பெற்ற சகோதரர்கள் பல ஊர்களுக்கும் ஊழியத்துக்குச் சென்றபோது இவ்வழக்கமும் உடன் சென்றது. வீட்டு மேசைக்கு வண்டிச் சக்கரம் ஒவ்வாதாகையால், வாரநாள் வர்த்திகள் நீங்கி, ஞாயிற்றுக்குரிய நான்கு மட்டும் எஞ்சின. புராட்டஸ்டண்டு சபையாரிடையே பிறந்த வளையம், 1925-ல் கொலோன் நகரத்துக் கத்தோலிக்க ஆலயம் ஒன்றிலும் இடம்பெற்று, சபைப் பிரிவுகளைக் கடந்து யாவர்க்கும் பொதுவாயிற்று.

இத்தனை பரவிய பின்னும், அதன் உபகரணங்கள் ஏழைக்கு எட்டாதவையாகவில்லை. வைக்கோலை முறுக்கி வட்டமாகக் கட்டிய ஒரு சட்டம், விரல் நீளத்துக்கு நறுக்கிய பசுங்கிளைகள், மெல்லிய கம்பி, இவையே போதும். மூன்று நான்கு கிளைகளை ஒரு பிடியாகச் சேர்த்துச் சட்டத்தின்மேல் வைத்துக் கம்பியால் இறுக்கி, அடுத்த பிடியின் தழை முந்தியதன் கட்டை மறைக்குமாறு ஓடு வேய்வதுபோல் அடுக்கிக்கொண்டே செல்லவேண்டும். கடைசிப் பிடியின் காம்பை முதற்பிடியின் தழைக்கடியில் செருகிவிட்டால், தொடக்கமும் முடிவும் தெரியாத வட்டம் உருவாகிவிடும். ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசியிலைகள் வெப்பமான அறையில் சீக்கிரம் உதிர்ந்துவிடுமாகையால், விஷயமறிந்தவர் ஃபர் கிளைகளையே தேர்ந்தெடுப்பர். காய்ந்த தழையில் தீப்பற்றாதபடி வர்த்திகளைத் தகரக் கிண்ணத்தில் நிறுத்துவதும் அவசியம்.

கடைகளில் இன்று வளையத்தை ஆயத்தமாகவே வாங்கிவிடலாம். ஆயினும், பிசின் ஒட்டிய விரல்களோடு குழந்தைகள் தாமே கட்டும் வளையத்துக்கு உள்ள சிறப்பு அதற்கு இல்லை. காத்திருப்பதற்கும் ஒரு வேலை வேண்டும் என்பதே விஹெர்னின் இல்லத்தில் பிறந்த பாடம். பண்டிகை கழிந்து தழை காய்ந்தபின், கம்பியைப் பிரித்துச் சருகை உதறிவிட்டு, வைக்கோல் சட்டத்தை மட்டும் பரணில் ஏற்றிவைக்கும் குடும்பங்கள் உண்டு. அடுத்த நவம்பரில் அது மறுபடி கீழே இறங்கும்.