அம்மி பறக்கும் காற்றை அளந்தவர்

மண்டைக்காட்டில் பகவதி அம்மனுக்குச் சிலை கிடையாது. புற்றுதான் அம்மன். 15 அடி உயரம் என்கிறார்கள். சந்தனம் பூசிப் பூசி, மேலே வெள்ளி முகம் வைத்து, கூரையைத் தொட்டுவிடுவதுபோல நிற்கும். மாசிக் கொடைக்கு இருமுடி கட்டிக்கொண்டு பெண்கள் வந்து குவிவார்கள். பெண்களின் சபரிமலை என்று பெயர். புற்று வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பத்து வயதில் பாட்டியிடம் கேட்டேன்: "வருசத்துக்கு எவ்வளவு வளரும்? யாரு அளந்தா?"

"அம்மய அளக்கப்பிடாது மக்களே" என்றாள் பாட்டி.

அவள் அளக்காத நாள் கிடையாது. நாழி அரிசியை உள்ளங்கைக் குழிவிலேயே சரிபார்ப்பாள். மண்டையப்பத்துக்கு மாவும் சர்க்கரையும் எவ்வளவு என்று அவளுக்கு எழுதி வைக்கத் தேவையிருந்ததில்லை. கடற்கரைப் பக்கமிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் பெண்கள் முற்றத்தில் வட்டியை இறக்கியதும், கூறு சின்னது என்று எட்டியிருந்தே சொல்லிவிடுவாள். ஆனால் அதற்கெல்லாம் 'கைப்பக்குவம்' என்று பெயர். அளவு என்ற சொல் சர்வே சங்கிலியோடு வரும் ஆண்களுக்கு உரியதாக இருந்தது.

காற்றுக்கும் அவளிடம் ஓர் அளவு இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை மிகை என்று இலக்கிய வகுப்பில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அது ஓர் அளவுகோலின் மேல்நுனி என்று தோன்றுகிறது. ஓலை அசைந்தால் ஒரு காற்று, முறத்திலிருந்து பதர் தானாகப் போனால் ஒரு காற்று, கொடியில் கிடக்கும் சேலை பிய்த்துக்கொண்டு போனால் இன்னொன்று, அம்மி பறந்தால் அதற்குமேல் கிடையாது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805 வாக்கில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பூஜ்யத்திலிருந்து 12 வரை படிகள் வைத்து, எந்தக் காற்றில் போர்க்கப்பல் எத்தனை பாய் விரிக்க முடியும் என்று குறித்தார். அவர் பெயரில் அந்த அளவை இன்றும் இருக்கிறது. அம்மியில் அளந்தவள் பெயர் நமக்குத் தெரியாது.

அந்த ஆடிக் காற்றை எண்ணாக மாற்றிய ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பேருந்தில் ஆரல்வாய்மொழி தாண்டியதும் சன்னல் ஓரத்துப் பெண்கள் துப்பட்டாவை இழுத்துப் பிடிப்பார்கள். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னால் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். இரண்டு பக்கமும் காற்றாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகும் இடத்தில் ஒரு வாசல்போல விழுந்த இடைவெளி இந்தக் கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, வழி தேடி, இந்த வாசலில் நெருக்கிப் புகுந்து வேகமெடுக்கிறது. மண்டைக்காட்டுக் கடலில் வள்ளங்களைக் கரையேற்ற வைக்கும் அதே காற்று இங்கே மின்சாரமாகிறது. இந்த விசிறிகளை இங்கே நடலாம் என்று யார் முதலில் சொன்னார்கள் என்று ஒரு மாணவி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தேடியபோது கிடைத்த பெயர்களில் பெரியது அன்னா மணி.

"அவங்க மலையாளில்லா மேடம்?" என்றாள் அவள்.

அன்னா மணி 1918 ஆகஸ்ட் 23 அன்று பீர்மேட்டில் பிறந்தார். பீர்மேடும் மண்டைக்காடும் அப்போது ஒரே ராஜ்யம், திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. தெற்கெல்லைப் போராட்டக்காரர்கள் சேர்த்துக் கேட்ட பீர்மேடு கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கோடு அதற்குப் பிறகு வந்தது. காற்றுக்கு எப்போதும் கிடையாது.

அந்தத் திருவிதாங்கூரில் அளத்தல் என்பது சாதியின் வேலையாகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கிருந்தது. நம் தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்த பின் 1859இல் வந்த அரசு அறிவிப்பு என்ன சொன்னது? சாணார் பெண்கள் முரட்டுத் துணியால் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம், முக்குவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது. துணி, அதன் முரடு, அதைக் கட்டும் விதம் எல்லாம் அரண்மனையில் அளந்து கொடுக்கப்பட்டன. வைக்கம் சத்தியாகிரகத்துக்காக 1925இல் காந்தி வந்தபோது அன்னாவுக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. அந்தத் தாக்கத்தில் கதர் கட்டத் தொடங்கியவர் கடைசிவரை விடவில்லை.

அவர் எங்கள் பாட்டிகளைப்போலத் தலைச்சுமை சுமந்த வீட்டில் பிறந்தவரல்ல. சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், ஏலத் தோட்டம், அப்பா பொறியாளர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரக் கம்மல் வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேண்டும் என்று கேட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் யாரோ வைரக் கம்மல் நீட்ட வேண்டும். ஆனாலும் அந்த வீட்டில் பையன்களுக்கு உத்தியோகம், பெண்களுக்குக் கல்யாணம் என்றுதான் பாதை போடப்பட்டிருந்தது. அதைவிட்டு விலகி, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியல் ஹானர்ஸ் முடித்து, 1940இல் உதவித்தொகையோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆய்வுப் பொருள் வைரம்! 30க்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் பதிவு செய்தார். வைரம் உமிழும் ஒளி மங்கலானது. ஒரு புகைப்படத் தகட்டில் அது பதிய 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். இரவெல்லாம் ஆய்வகத்திலேயே தங்கினார். ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவதை ராமன் விரும்பாத இடம் அது. ஒரு பெண் கருவியைக் கையாளும்போது சின்னத் தவறு செய்தாலும், பெண்களுக்கு இது வராது என்று ஊரெல்லாம் சொல்லப்படும். அந்த ஆய்வகத்தில் இருந்த இன்னொரு பெண்ணான சுனந்தா பாயும் நிறைய ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். பட்டம் கிடைக்கவில்லை. பிறகு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுதிக் கடந்துபோவது எனக்குக் குற்றமாகத்தான் இருக்கிறது.

1942 முதல் 1945 வரை அன்னா தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்; கழகத்தில் ஆய்வு செய்தவர்களுக்கு அப்போது அதுதான் பட்டம் வழங்கியது. முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். ஹானர்ஸ் பட்டமும், அதை நம்பிக் கொடுத்த உதவித்தொகையும், ஐந்து கட்டுரைகளும் ஒரு சான்றிதழுக்கு ஈடாகவில்லை. என் முனைவர் பட்டத்தின்போது ஒரு இணைச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் ஓர் அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த பெஞ்சு நினைவுக்கு வரும். எனக்குக் கடைசியில் கிடைத்தது. அவருடைய ஆய்வேடு இன்றைக்கும் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளின் பக்கத்தில், அதேபோல பைண்டு செய்யப்பட்டு நிற்கிறது.

இயற்பியல் படிக்க இங்கிலாந்து போன இடத்தில் கிடைத்த வாய்ப்பு வானிலைக் கருவிகள் துறையில். 1948இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி போன்ற எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலம். ஏறக்குறைய 100 கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி இங்கேயே செய்ய வைத்தார்கள். 1953இல் அந்தப் பிரிவுக்கு அவர் தலைவர். கீழே வேலை பார்த்த 121 பேரும் ஆண்கள். பின்னால் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதற்கிணங்க நமக்குப் பக்கத்துத் தும்பாவில் வானிலைக் கண்காணிப்பகம் அமைத்துக் கொடுத்தார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்ற பிறகுதான் காற்றுக்கு வந்தார்.

காற்றுமானியைப் பார்த்திருப்பீர்கள். தண்டின் உச்சியில் மூன்று நான்கு கிண்ணங்கள் சுற்றும். அயர்லாந்தின் ராபின்சன் 1846இல் இதை உருவாக்கினார். காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் கிண்ணம் சுற்றும், கிண்ணம் பெரிதோ சிறிதோ இந்தக் கணக்கு மாறாது என்று நம்பினார். அது தவறு. கிண்ணத்தின் அளவும் கைநீளமும் மாறினால் விகிதமும் மாறும் என்று பிறகு தெரிந்தது. அதுவரை மூன்றால் பெருக்கி எழுதப்பட்ட பேரேடுகள் பலவற்றில் காற்று உண்மையில் அடித்ததைவிடக் கூடுதலாக அடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் ஒவ்வொரு கருவியையும் தெரிந்த வேகமுள்ள காற்றில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அன்னா மணி இந்தச் சரிபார்ப்பில் மிகக் கறாரானவர். தவறான அளவு கையில் இருப்பதைவிட அளவே இல்லாமலிருப்பது மேல் என்பது அவர் நிலைப்பாடு.

இந்தக் கறாருக்குக் காரணத்தை எனக்குக் கணிதத் துறைத் தோழி ஒருத்தி தாளில் போட்டுக் காட்டினாள். காற்றிலிருந்து கிடைக்கும் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. ஆகவே, வேகத்தை நூற்றுக்குப் பத்து கூட்டி அளந்துவிட்டால் திறனை நூற்றுக்கு 33 கூட்டிக் கணக்கிட்டுவிடுவோம். அந்தப் பிழையின் மேல் கோடிக்கணக்கில் பணம் போட்டு விசிறி நட்டால், அது வருடம் முழுக்கக் கணக்கில் காட்டிய மின்சாரத்தைக் கொடுக்காது.

சராசரியும் ஏமாற்றும். ஒரு மணி நேரம் நொடிக்கு 4 மீட்டர், அடுத்த மணி நேரம் 8 மீட்டர் அடிக்கிறது என்று வையுங்கள். சராசரி 6, அதன் மும்மடி 216. ஆனால் தனித்தனியாக மும்மடி எடுத்தால் 64, 512. இவற்றின் சராசரி 288. சராசரி வேகத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் காற்றின் கால்பங்கு கண்ணிலேயே படாது. எந்த வேகம் எத்தனை மணி நேரம் அடித்தது என்ற முழுக் கணக்கும் வேண்டும். (வீட்டுச் செலவுக்குச் சராசரி வருமானம் பார்த்துக் கடன் வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.) உயரமும் முக்கியம். தரையோடு உரசும் காற்று மெதுவாகப் போகும். 10 மீட்டரில் அளந்ததை வைத்து 20 மீட்டரில் என்ன வேகம் என்று சொல்ல ஒரு சூத்திரம் உண்டு; சமவெளியில் பத்து சதவீதம் கூடும் என்பது பொது வழக்கு. கணவாயில் அந்தச் சூத்திரத்தை நம்ப முடியாது, கம்பம் நட்டு அளந்தே ஆக வேண்டும். கணித மாதிரி என்று நாம் பயபக்தியோடு சொல்வதெல்லாம் யாரோ ஒருவர் கம்பத்தில் ஏறித் துடைத்துச் சரிபார்த்த கிண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

1980இல் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளின் கையேடு, 1983இல் டி.ஏ. மூலேயுடன் சேர்ந்து காற்று ஆற்றல் தரவு நூல் என்று வெளியிட்டார். பிறகு நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட இடங்களின் காற்று வேகத்தை அளந்து திரட்டும் பெரும் பணி. பெங்களூரில் காற்றுவேகமும் சூரிய ஆற்றலும் அளக்கும் கருவிகளைச் செய்ய ஒரு சிறு தொழிற்கூடமும் நடத்தினார். தமிழ்நாட்டுக் கணவாய்கள் காற்றாலைக்கு உகந்தவை என்பதை ஆடிப் பழமொழியிலிருந்து முதலீட்டாளர் நம்பும் எண்ணுக்குக் கொண்டுவந்தவை இத்தகைய அளவீடுகள்தான். விசிறிகளோடு வந்த நிலப் பேரங்கள் பற்றி முப்பந்தல் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல வேறு கதைகள் உண்டு. அது தனிக் கட்டுரை.

இந்தத் தொகுப்புக்காக அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஒரு சங்கடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ராமனின் ஆய்வகப் பெண்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஆபா சுர், அன்னா மணியைச் சந்தித்துப் பேசியிருக்கிறார். பெண், அறிவியல் என்று எதற்கு இத்தனை ஆரவாரம் என்பதாக இருந்தது அவர் பதில். பட்டம் மறுக்கப்பட்டது தன்னைப் பாதிக்கவில்லை என்றே சொன்னார். பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் உட்கார அவர் கடைசிவரை ஒப்பவில்லை. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். இனி நான் அவர் மறுத்த நாற்காலியில் அவரை இழுத்து உட்காரவைக்கலாமா? கூடாது. ஆனால் அவருக்கு வலிக்கவில்லை என்பதும், நடந்தது அநீதி என்பதும் ஒரே பக்கத்தில் எழுதக்கூடிய இரண்டு செய்திகள். கருவி தவறாகக் காட்டினால் கருவியின் மேல்தான் குற்றம் எழுத வேண்டும், காற்றின் மேல் எழுதக் கூடாது என்று அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

போன ஆடியில் இயற்பியல் துறையிலிருந்து கையடக்கக் காற்றுமானி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மாணவிகளோடு மண்டைக்காட்டுக் கடற்கரைக்குப் போனேன். கோயிலில் கும்பிட்டுவிட்டு மணலில் இறங்கினோம். ஒருத்தி கையை உயர்த்திக் கருவியைப் பிடித்தாள். இன்னொருத்தி நேரம், திசை, தரையிலிருந்து உயரம் எல்லாம் நோட்டில் எழுதினாள். உயரம் எழுதாத எண்ணை ஏற்கமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மக்களே காட்டுது?"

"ஒம்பது, அக்கா. நொடிக்கு ஒம்பது மீட்டர்."

அக்கா கடலைப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டே, "உச்சைக்கு மேல இன்னும் ஏறும். இன்னைக்கு வள்ளம் எறக்க மாட்டாவ" என்றார்.

மாணவி என்னைப் பார்த்தாள். எழுது என்றேன். 9 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதி, மத்தியானம் மறுபடி அளந்து பார்ப்பதற்காக அந்த வரிசையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள்.